கழுத்துக்குக் கீழே அலுமாரி

எங்கள் மூத்த மகள் வயிற்றில் இருந்த காலத்தில் நான் எகிப்து ராஜா ஒருவருக்குத் தளபாடம் செய்துகொண்டிருந்தேன். ராஜா செத்து மூவாயிரம் வருஷத்துக்கு மேல். தளபாடமெல்லாம் அவர் செத்த பிறகு பாவிப்பதற்கு. இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு எகிப்திலோ என்று கேட்கிறார்கள். இல்லை, ஜெர்மனியில். டோர்ட்மண்டுக்குப் பக்கத்தில், ரயில் நின்று போகிற ஒரு சின்னப் பட்டணத்தில்.

எழுபதுகளின் நடுப்பகுதி. இப்போது பக்கத்தில் ஊன்ட்றொப் என்கிற ஊரில் அம்மன் தேரில் வருகிறாள், நாங்களும் வடம் பிடிக்கிறோம். அப்போது எங்களுக்குக் கோயில் என்றால் குசினி யன்னலுக்குப் பக்கத்தில் நான் அடித்த ஒரு பலகைத் தட்டுத்தான். பிள்ளையார், முருகன், காமாட்சி மூவரும் அதில் நெருக்கமாக இருந்தார்கள். காலையில் திருநீறு பூசிக்கொண்டு வேலைக்குப் போவேன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், மரவேலை கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான் என் தகுதி.

என்னை வேலைக்கு வைத்திருந்த பட்டறை முதலாளி, எல்லோருக்கும் மைஸ்டர், தேவாலயப் பீடங்களுக்குப் பொன் பூசுகிறவர். அவருடைய தகப்பனும் அதே தொழில். ஆனால் அந்த வருஷங்களில் தேவாலயங்களில் பழைய பொன் பீடங்களைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சுவரும் ஒரு மேசையுமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பொன் பூசுவதற்குச் சிறகு வைத்த சம்மனசுகளின் வரத்து குறைந்துபோயிற்று. மனிதர் படக்கடைகளுக்குச் சட்டம் செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் நகர மியூசியத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். கண்ணாடியைக் கழுத்தில் கயிற்றில் தொங்கவிட்டிருந்த, மிக நல்ல மனுஷி. இளவயதில் செத்துப்போன ஒரு ராஜாவின் கல்லறையை மண்டபத்தில் அப்படியே வைத்துக் காட்டப்போகிறார்களாம். அசல் சாமான் எகிப்தை விட்டு வராது, அசலைப் போலவே செய்து தர முடியுமா என்று கேட்டார். மைஸ்டர் கொஞ்ச நேரம் படங்களைப் பார்த்தார். "பொன் இருக்கிறது, சிறகு இருக்கிறது. எனக்குத் தெரிந்த வேலைதான்" என்றார்.

அந்த ராஜாவுக்கு என்ன இல்லை? சிங்கக் கால் வைத்த கதிரை, பசுத் தலை வைத்த கட்டில், பெட்டகங்கள், வள்ளம், விசிறி. செத்த பிறகும் வயலில் வேலைவெட்டி வந்தால் ராஜாவுக்குப் பதிலாகப் போய்ச் செய்வதற்கு ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன வேலைக்காரப் பொம்மைகள். நாங்கள் அசலில் எப்படியோ அப்படியே செய்தோம். மரத்தை இழைத்து, மெல்லிய துணி ஒட்டி, அதன்மேல் சுண்ணாம்புத்தூளையும் முயல்தோல் பசையையும் குழைத்துப் பூசிப் பூசிக் காயவைத்து, முட்டைக்கோது போல வழவழப்பாகும் மட்டும் தேய்க்கவேண்டும். பிறகு செம்மண் பூச்சு. அதற்கு மேல்தான் பொன். தங்கத்தாள் என்றால் கையால் தொட ஏலாத தாள், எதிரே நின்று கதைத்தால் பறந்துவிடும். அணில் மயிரில் செய்த பட்டைத் தூரிகையைக் கன்னத்தில் ஒருமுறை தடவினால் தோலின் எண்ணெய் கொஞ்சம் அதில் படும், அந்த எண்ணெயில் தாள் ஒட்டிக்கொண்டு வரும். தலைக்கு நல்லெண்ணெய் வைக்கிறவன் நான். என் கன்னத்தைப் போல ஒரு கன்னம் வெஸ்ட்பாலியாவில் இல்லை என்று மைஸ்டர் சொல்வார். அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்ததால் பொன் வைக்கிற வேலை மெல்ல மெல்ல என்னிடம் வந்துவிட்டது.

என் மனைவிக்கு எல்லாம் சொல்வேன். அவளுக்கு முன்பு இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்த முறை ஐந்தாம் மாதம் தாண்டியபோது அவள் சிரிப்பதைக்கூடக் கவனமாகச் சிரித்தாள். பிள்ளைத்தாச்சி வீட்டில் என்னென்ன கூடாது என்று அவளுக்கு மனப்பாடம். பூசணிக்காய் வெட்டக்கூடாது, ஆணி அறையக்கூடாது. புருஷன் செத்தவீட்டுக்குப் போகக்கூடாது, பாடை தூக்கக்கூடாது, தீட்டு, துடக்குப் பட்ட எதையும் தொட்டு அதை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது. முதலில் ஆணிதான் பிரச்சினையாயிற்று. ராஜாவின் கதிரைக்கும் கட்டிலுக்கும் மரமுளைதான், ஆணி இல்லை என்று நான் சொன்னதும் அவளுக்கு எகிப்து ஆட்கள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. முயல்தோல் பசையைப் பற்றிச் சொன்னபோது யோசித்துவிட்டு, முயல் எப்பவோ செத்தது, நாங்கள் கொல்லவில்லை என்று விட்டுவிட்டாள். உடுப்பை மட்டும் வாசலில் கழற்றவேண்டும். கட்டிலுக்கும் கதிரைக்கும் வள்ளத்துக்கும் அனுமதி கிடைத்தது. பசுத் தலை என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள்.

பிறகு மியூசிய அம்மா பெட்டியின் படங்களைக் கொண்டுவந்தார். மனிதர் படுத்திருப்பது போலவே செய்த பெட்டி. முகம், தலைப்பாகை, மார்பில் குறுக்கே வைத்த இரண்டு கை, கீழே கால்வரைக்கும் உடம்பைப் பொத்திக்கொண்டிருக்கும் சிறகுகள். அந்தக் கட்டின் அடியில் இன்னொரு தாள் இருந்தது. இரண்டு மிகச் சின்னப் பெட்டிகள், என் கை நீளம் வராது. ராஜாவுக்குப் பிறக்காமல் போன குழந்தைகளாம், அவருடனேயே வைத்திருந்தார்களாம். மைஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு, இது இரண்டும் செய்வதில்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னார். அவரும் காரணம் கேட்கவில்லை. வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. பெரிய பெட்டியை மட்டும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "பிரேதப் பெட்டியோ?"

"ராஜாவின்ர பெட்டி."

"ராஜா எண்டால் செத்தால் பிரேதமில்லையோ?"

பெட்டியில் யாரும் கிடந்ததில்லை, புது மரம், போன மாதம் வாங்கியது என்றேன். அவள் அதை ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை. டோர்ட்மண்டில் இரும்பு ஆலையில் வேலை செய்த ஓர் அண்ணை இருந்தார். எங்களுக்கு முன்பே வந்தவர். நல்லநாள், கரிநாள், துடக்கு, விரதம் எல்லாவற்றுக்கும் அந்தப் பக்கத்துத் தமிழர் அவரைத்தான் கேட்பார்கள், ஏனென்றால் அவரிடம்தான் பஞ்சாங்கம் இருந்தது. அவரைக் கேட்போம் என்றாள். தெருமுனையில் இருந்த மஞ்சள் டெலிபோன் கூண்டுக்குள் நானும் அவளும் அவளுடைய வயிறுமாக நுழைந்தோம். கதவைச் சாத்த முடியவில்லை. றிசீவரை நடுவில் பிடித்துக்கொண்டேன்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அண்ணை ஆலைச் சத்தத்தில் கதைத்துப் பழகியவர், கூண்டு அதிரும்.

"உள்ளுக்கு ஆள் இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"இனிமேல் வைக்கப் போகினமோ?"

"இல்லை."

"அப்ப தம்பி, அது அலுமாரி."

நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவள் றிசீவரைத் தன் பக்கம் இழுத்தாள். "அலுமாரிக்கு ஏன் அண்ணை முகம்?"

அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, முகம் ஒரு பிரச்சினைதான் என்று அண்ணை ஒத்துக்கொண்டார். அடுத்த கிழமை திரும்ப எடுக்கச் சொன்னார். எடுத்தபோது தீர்ப்பு வந்திருந்தது. கழுத்துக்குக் கீழே அலுமாரி, செய்யலாம். கழுத்துக்கு மேலே பிரேதம், தொடக்கூடாது. கை எதில் சேர்த்தி என்று கேட்டேன். கை கும்பிட்டபடி இருக்கோ என்றார். இல்லை, ஒரு கையில் கோல், மற்றதில் சவுக்கு என்றேன்.

"அப்ப அது காவல்காரன்ர கை. நீர் செய்யும்."

இப்படித்தான் நான் ராஜாவைக் காலிலிருந்து கழுத்துவரைக்கும் பொன்னாக்கினேன். ஒவ்வொரு சிறகுக்கும் நீலமும் சிவப்புமாகக் கண்ணாடித் துண்டுகளை மைஸ்டர் வெட்டித் தந்தார், நான் பதித்தேன். காலைப் பார்க்க அழகு, வயிற்றைப் பார்க்க அழகு. கழுத்துக்கு மேலே செம்மண் பூச்சோடு நின்றுவிட்டது. அதுவரைக்கும் மைஸ்டர் தானே பூசியிருந்தார், செம்மண்ணுக்குக் கை நடுங்கினால் பரவாயில்லை. கண்களையும் மியூசிய அம்மா கறுப்புக் கல்லில் கொண்டுவந்து பதித்துவிட்டார். ஆகவே ராஜா பொன் உடம்போடும், நாள் முழுக்க வெயிலில் நின்று கோபித்துக்கொண்ட ஒருவரின் சிவந்த முகத்தோடும் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். நான் மதியச் சாப்பாட்டை அவருக்கு முதுகு காட்டி இருந்து சாப்பிடுவேன்.

மியூசிய அம்மா கிழமைக்கு ஒருமுறை வந்து முகத்தைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். எகிப்தில் ஆளின் உயிர் ஒரு பறவையாகப் பறந்து திரியுமாம், இருட்டினால் திரும்பி வந்து முகத்தை வைத்துத்தான் தன் உடம்பை அடையாளம் பிடிக்குமாம். முகம் பொன்னில்லாவிட்டால் அது எங்கே போய் இறங்கும் என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னேன்.

"கொஞ்ச நாள் பொறுக்கட்டும்" என்றாள் என் மனைவி. "மூவாயிரம் வருஷம் பொறுத்தவர்தானே."

கண்காட்சிக்கு நாள் குறித்துச் சுவரொட்டியும் ஒட்டிவிட்டார்கள். சுவரொட்டியில் ராஜாவின் முகம்தான் பெரிதாக இருந்தது. மைஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோட்டும் தொப்பியுமாக, கையில் பிளம்ஸ் கேக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கேக்கில் முட்டை இருக்கிறதா என்று என் மனைவி கேட்கச் சொன்னாள், இருந்தது. அவருக்கே வெட்டிக் கொடுத்தோம், அவர் தனியாகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும், முகத்தைத் தான் முயன்று பார்த்ததாகவும், நாலு தாள் கிழிந்ததாகவும் சொன்னார். இந்த வேலையும் போனால் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். என் மனைவியின் மனதுக்கு விரோதமாக எதையும் செய்யச் சொல்லவில்லை, பெரிய வெள்ளிக்கிழமையில் தானும் உளியைத் தொடுவதில்லை, ஆனால் இதற்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளை பிறந்தால் எங்களுக்குத் துடக்குத்தானே. முப்பத்தொண்டாம் நாள் மட்டும் விளக்குக்கூடக் கொளுத்தேலாது. துடக்கோட துடக்காக அதையும் செய்துபோட்டு, எல்லாத்துக்கும் சேர்த்து முழுகலாம். பிறக்குமட்டும் பொறுக்கச் சொல்லுங்கோ."

இதை ஜெர்மன் மொழியில் சொல்ல எனக்குக் கனநேரம் எடுத்தது. மைஸ்டர் இரண்டு தடவை கேட்டு விளங்கிக்கொண்டார். பிறகு எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். நியாயமான ஒழுங்கு என்றார்.

அன்றிலிருந்து ராஜாவின் முகம் என் மனைவியின் பிரசவத்தை எதிர்பார்த்துக் கிடந்தது. மைஸ்டர் தேவாலயத்தில் மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரி ஏற்றத் தொடங்கினார். மியூசிய அம்மா பட்டறைக்கு டெலிபோன் எடுத்தால் முதலில் இடுப்புவலி கண்டதா என்றுதான் கேட்பார். கண்காட்சிக்கு மின்விளக்குப் பூட்ட வந்தவன்கூட என்னைத் தெருவில் மறித்து விசாரித்தான். டொக்டர் சொன்ன நாள் வந்தது, போனது. பிள்ளை வரவில்லை. அந்த நாட்களில் எனக்கு ராஜாவும் இல்லை, முகமும் இல்லை. காலையில் தட்டின் முன் நின்றால் வாயில் மந்திரம் வராது. இது ஒன்றைத் தா என்று மட்டும் கேட்பேன். அவள் யன்னலடியில் உட்கார்ந்து, உள்ளே அசைகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கண்காட்சிக்கு முதல் நாள் பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுபோகவேண்டியிருந்தது. முகத்தைத் துணியால் சுற்றினார்கள். பட்டறைச் சந்துக்குள் லொறி வராது, தெருமுனைவரை தோளில் கொண்டுபோகவேண்டும். நான் தூக்கக்கூடாது, அது எல்லோருக்கும் தெரியும், பக்கத்துப் பட்டறை ஆட்களைப் பிடித்தார்கள். பின்னால் நடந்து வா என்றார் மைஸ்டர். பெட்டிக்குப் பின்னால் நடந்தால் செத்தவீட்டுக்குப் போனதாகிவிடும். அப்படியானால் முன்னால் நட என்றார். முன்னால் நடப்பவன் எங்களில் கொள்ளிக்குடம் பிடிப்பவன். அதை விளக்கியபோது பெட்டியைத் தோளில் வைத்திருந்தவர்கள் முனகத் தொடங்கினார்கள். கடைசியில் நான் வேறு தெருவால் டிராமில் போனேன், வேலைக்காரப் பொம்மைப் பெட்டி மடியில். சீட்டுப் பார்க்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது வலி கண்டது. கீழ்வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரியில் தகப்பன்மாரைப் பிரசவ அறைக்குள் விடமாட்டார்கள். நடையில் ஒரு வாங்கில் என்னை இருத்தினார்கள். கந்தசஷ்டிக்குப் பட்டினி கிடந்தபோதுகூட நான் முருகனை அப்படிக் கூப்பிட்டதில்லை. கதவு ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் எழுந்து நிற்பேன், வேறு யாரோ வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்கள். முற்பகலில் ஒரு தாதி வந்து, பெண்பிள்ளை, தாய் சுகம், பிள்ளை நன்றாகக் கத்துகிறாள் என்றார். நான் அவருடைய காலில் விழப்போய், அவர் பயந்து பின்னால் நகர, நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளையை முதலில் கழுவி, நிறுத்து, வேறு அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்னை மனைவியிடம் சில நிமிஷம் விட்டார்கள். அவள் முகம் வெளிறி, தலைமயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு பிள்ளை அழுததை நான் கேட்டேனா என்று கேட்டாள். கேட்டேன் என்றேன். கதவு தடிப்பானது, கேட்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

"இண்டைக்குத்தானே அங்க திறக்கினம்?" என்றாள். "போங்கோ. போய் அந்த மனிசனுக்கு முகத்தைப் போடுங்கோ."

எனக்குப் போக விருப்பமில்லை. அவள் விடவில்லை. சொன்ன சொல் சொன்னதுதான், அந்த ஐயா கேக்கைத் தனியே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர் என்றாள்.

மண்டபத்தில் சனம் வந்துவிட்டது. நகரத்தலைவர் பேசி முடித்திருந்தார். ராஜாவின் தலையை இன்னும் துணி மூடியிருந்தது, மியூசிய அம்மா அதன் பக்கத்தில் காவல் நின்றார். நான் ஓடிவந்ததைக் கண்டதும் மைஸ்டர் விரலை உயர்த்தி, என்ன பிள்ளை என்று கேட்டார். பெண் என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு துணியை எடுத்தார். அவ்வளவு சனத்துக்கும் முன்னால் ராஜா சிவந்த முகத்தோடு கிடந்தார். இதுவும் காட்சியின் ஒரு பகுதி, பண்டைய முறைப்படி இப்போது பொன் வைக்கப்படும் என்று மியூசிய அம்மா கூசாமல் அறிவித்தார். ஆட்கள் நெருங்கி வந்தார்கள். அவர்களுடைய மூச்சிலேயே முதல் தாள் பறந்து நகரத்தலைவரின் மீசையில் இறங்கியது.

மைஸ்டர் திரும்பி, பட்டறையில் என்னிடம் சொல்லும் அதே குரலில், நகரத்தலைவர் உட்பட எல்லோரிடமும் சொன்னார். "மூச்சை அடக்குங்கள்."

அடக்கினார்கள். கோட்டும் நகையுமாக வந்திருந்த அத்தனை பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார்கள். நான் தாளை எடுத்து வைப்பேன், மைஸ்டர் தலையை ஆட்டுவார், எல்லோரும் ஒருமிக்க மூச்சு விடுவார்கள். அடுத்த தாளுக்குத் திரும்ப அடக்குவார்கள். நெற்றி, மூக்கு, கன்னம், உதடு என்று ஒவ்வொன்றாகச் சிவப்பு மறைந்தது. இவ்வளவு நாளும் கண்ணெடுத்துப் பார்க்கப் பயந்த முகத்தை அன்றுதான் கிட்டத்தில் பார்த்தேன். மீசை அரும்பாத முகம். அவருக்கு இருபதுகூட ஆகவில்லை என்று மியூசிய அம்மா எப்பவோ சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாடியில் கடைசித் தாளை வைத்து முடித்தபோது சனம் கைதட்டியது. இருமியவர்களும் உண்டு. மெருகு போட நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் அவள் விழித்திருந்தாள். நான் கட்டிலுக்குக் கிட்டப் போகாமல் கதவோடு நின்றேன். வடிவாக வந்ததோ என்று கேட்டாள். வந்தது என்றேன். சின்னப் பெடியன், முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். "தாய்க்காரி இருந்தவவோ அப்ப?"

"தெரியேல்லை. கேக்கேல்லை."

"கேட்டிருக்கலாம். அதுவும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்றாள். கண்ணை லேஞ்சியால் துடைத்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "சரி, முப்பத்தொண்டுக்கு முழுகுறது வேற. இப்ப நிக்காமல் போய் முழுகிப்போட்டு வாங்கோ. பிள்ளையைக் காட்டச் சொல்லுறன்" என்றாள்.

ஜெர்மன் ஆஸ்பத்திரியில் பிள்ளை பார்க்க வருகிற தகப்பன் எங்கே முழுகுவது? தாதியிடம் கேட்டேன். அவர் கை கழுவுகிற இடத்தைக் காட்டினார். சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தலையைக் குழாய்க்குக் கீழே கொடுத்தேன். ஐஸ் தண்ணீர். கதவுக்கு வெளியே இரண்டு பேர் நின்று ஏதோ சொல்லிக்கொண்டது கேட்டது. நடையின் அந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகப் படுக்கவைத்திருந்த பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழத் தொடங்கின. அதில் எது எங்களுடையது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து முருகா என்றேன். தண்ணீர் வாய்க்குள் போயிற்று.